தரைப்பயிற்சியில் குதிரை முரண்டு பிடித்தால்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஒரு மார்வாரி இனக் குதிரையையோ காத்தியவாரி இனக் குதிரையையோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள் உண்டு. பந்தயத்தில் ஓடி முடித்த தரோபிரெட் இனக் குதிரையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. வந்த கொஞ்ச நாளில் இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வாங்கும்போது சாதுவாத்தான் நின்னுச்சு. இப்ப கிட்டப் போனாலே பின்னாடி திரும்பிக்குது. ஏன்?"

புது இடம், புது ஆட்கள், பழகின கூட்டாளிக் குதிரைகள் பக்கத்தில் இல்லை. சந்தையில் சாதுவாக நின்றது வெறும் களைப்பாகக்கூட இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் பயமும் பழக்கமும் வெளியே தெரியும். அதற்காக மேலே ஏறி மல்லுக்கட்ட வேண்டாம். தரையில் நின்று, ஒரு ஹால்டரும் (வாய்க்குள் கடிவாளம் இல்லாத தலைப்பட்டை) 12 அடிக் கயிறும் வைத்துக்கொண்டு, முன்னே வா, பின்னே போ, திரும்பு, நில் என்ற நாலு விஷயத்தைப் பழக்குவதுதான் கிரவுண்ட்வொர்க் என்று சொல்லும் தரைப்பயிற்சி. சேணம் போடாத குட்டிக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். பல வருடம் சவாரி செய்த குதிரைக்குக் கோளாறு வந்தாலும் திரும்பி வரவேண்டிய இடம் இதுதான்.

உங்கள் குதிரை எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

அடம் என்று நாம் பெயர் வைப்பது பல நேரம் வலிதான். வலிக்கிற குதிரைக்குப் பயிற்சி கொடுப்பது கொடுமை; பலனும் இருக்காது.

வாயில் தொடங்குங்கள். கடைவாய்ப் பற்களின் ஓரம் தேய்ந்து கூராகி கன்னத்தையும் நாக்கையும் கீறும். தீவனத்தை மென்று உருட்டிக் கீழே துப்புகிறது என்றால் உடனே பல்லைக் காட்ட வேண்டும். முள் வைத்த கடிவாளம் போட்டுப் பழக்கிய குதிரையாக இருந்தால் வாயோரத்திலும் நாக்கிலும் பழைய தழும்பு இருக்கும். முள் கடிவாளத்தை 1965ஆம் வருட மத்திய அரசு விதிகளே தடை செய்துவிட்டன. இன்னும் அதைக் கையில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேதனை.

அடுத்து வயிறு. குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை கொள்ளும் ஓட்ஸும் வைத்துவிட்டு நடுவே புல்லே இல்லாமல் நிறுத்தினால் வயிற்றுப்புண் வரும். பந்தயக் குதிரைகளில் இது மிகச் சாதாரணம். சேண வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருவது, விலாவைத் தொட்டால் காதைப் பின்னால் மடக்குவது இதெல்லாம் அதற்கான அடையாளங்கள்.

காதுக்குள் உண்ணி இருக்கிறதா பாருங்கள். மழைக்காலத்தில் ஈரமான லாயத்தில் நின்ற குதிரையின் குளம்படியை முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. ஒரு குளம்பு மட்டும் சூடாக இருந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். சும்மா நிற்கையிலேயே 60ஐத் தாண்டினால் பயிற்சியை மறந்துவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, உடற்பயிற்சியும் மேய்ச்சலும். நாள் முழுக்க லாயத்தில் அடைத்து, தானியத்தைக் கொட்டி, அரை மணி நேரம் வெளியே கொண்டுவந்தால் எந்தக் குதிரையும் துள்ளத்தான் செய்யும். அதற்குப் பயிற்சி மருந்தில்லை. தானியத்தைக் குறைத்து, புல்லை அதிகமாக்கி, தினம் சில மணி நேரம் திறந்துவிட்டுப் பாருங்கள். பாதி முரண்டு தானாகப் போய்விடும்.

அடுத்தது: கயிற்றை எப்போது தளர்த்தினீர்கள்?

கயிற்றின் இழுப்பு, விரலால் தள்ளுவது, நீங்கள் அதை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பது எல்லாமே குதிரைக்கு அழுத்தம்தான். அழுத்தம் இருக்கிற நேரத்தில் அது பதிலைத் தேடும். அழுத்தம் விலகுகிற நொடிக்கு முன்னால் தான் என்ன செய்ததோ, அதுதான் சரியான பதில் என்று முடிவு செய்துகொள்ளும். நீங்கள் அதைச் சொல்லிக்கொடுக்க நினைத்தீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

ஹால்டர் போடப் போகிறீர்கள். குதிரை தலையை மேலே தூக்குகிறது. கை எட்டாமல் நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள். முடிந்தது, தலையைத் தூக்கினால் கை போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இப்படித்தான் உருவாகின்றன. அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடைசியாக நான் விட்டுக்கொடுத்தபோது குதிரை என்ன செய்துகொண்டிருந்தது?

அடியாத மாடு படியாது என்று ஊரில் சொல்வார்கள். குதிரையிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோகாதீர்கள். அது ஓடித் தப்பிக்கப் பிறந்த பிராணி. அடி வாங்கியபின் அதன் மனசில் நிற்பது அடித்த ஆளும் அடித்த இடமும்தான். எதற்காக அடி விழுந்தது என்பது நிற்பதில்லை.

நம் உடம்பை அது எவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கிறது என்பதற்கு பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரையைச் சொல்ல வேண்டும். கணக்குக்கு விடை கேட்டால் குளம்பால் தட்டிச் சொல்லும் என்று ஊரே அதிசயப்பட்டது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து பார்த்தார். சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் துளி அசைந்தன. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. கணக்குத் தெரியாவிட்டாலும் மனிதனைப் படிக்கத் தெரிந்திருந்தது. நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தோளை விறைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் அதுவும் ஒரு செய்தியாகப் போய்ச் சேரும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. 400, 450 கிலோ எடை உள்ள உயிரோடு வேலை செய்கிறீர்கள். ஹெல்மெட், மூடிய ஷூ, கையுறை மூன்றும் வேண்டும். செருப்பும் வெறுங்காலும் கூடாது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள்.

பிடிக்கப் போனால் ஓடுகிறது

ஹால்டரைப் பார்த்தால் வேலை வரும், வேலை என்றால் சலிப்போ வலியோ வரும் என்று கற்றுக்கொண்ட குதிரை இது. நாம் போகிற விதமும் சேர்ந்துகொள்ளும். கண்ணை அதன் முகத்திலேயே வைத்து, நேர்கோட்டில், கையை நீட்டிக்கொண்டு, கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி போவோம். இரை தேடி வருகிற மிருகமும் இப்படித்தான் வரும்.

குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான். ஆகவே தோளை நோக்கி, லேசாக வளைந்த பாதையில் நடந்து போங்கள். கயிறு தெரியும்படியே தொங்கட்டும்.

நடந்து போகும்போது அதன் காதைக் கவனியுங்கள். மார்வாரிக்கும் காத்தியவாரிக்கும் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும்படி இருப்பதால் அது திரும்புவது தூரத்திலிருந்தே தெரியும். ஒரு காது உங்கள் பக்கம் வந்ததா? அங்கேயே நில்லுங்கள். தலையைத் திருப்பிப் பார்த்ததா? இரண்டு அடி பின்வாங்குங்கள். அது உங்களைக் கவனித்ததற்கு நீங்கள் கொடுக்கும் கூலி அந்த இரண்டு அடி. விலகிப் போனால் துரத்தாமல், அதே நிதானத்தில் தோளை நோக்கியே நடந்துகொண்டிருங்கள். அது நிற்கும்போது நீங்களும் நின்று உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.

தொடும் தூரத்துக்கு வந்தபின் முகத்தைத் தடவாதீர்கள். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நகத்தால் நன்றாகச் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மேலுதடு நீண்டு துடித்தால் இடம் சரி என்று அர்த்தம். சொறிந்துவிட்டு, ஹால்டர் போடாமலேயே திரும்பி வந்துவிடுங்கள். அடுத்த முறை போட்டுவிட்டு உடனே கழற்றுங்கள். அதற்கடுத்த முறை போட்டு, நல்ல புல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் மேயவிட்டுத் திரும்புங்கள். ஹால்டர் வந்தால் என்ன வரும் என்பதற்கு அதனிடம் இனிமேல் ஒரே பதில் இருக்காது.

வட்டத் தடுப்புக்குள் விட்டு, அது தானாக உங்களிடம் வரும்வரை துரத்தி ஓடவிடும் முறை ஒன்று பிரபலம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊர் வெயிலில் மூச்சிரைக்க ஓடிய குதிரை கடைசியில் உங்களிடம் வருவதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. வேறு போக்கிடம் இல்லாமல் வருகிறது. பெரிய தோட்டமாக இருந்து பிடிக்கவே முடியவில்லை என்றால், முதல் சில நாட்கள் சின்ன அடைப்பில் வைத்து மேலே சொன்னதைச் செய்யுங்கள். அது போதும்.

மேலே வந்து இடிக்கிறது, பையைத் துழாவுகிறது, கடிக்கிறது

பிரியமாக வருகிறது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். குதிரைக் கூட்டத்தில் யார் யாரை நகர்த்துகிறார்கள் என்பதுதான் கணக்கு. அது ஓர் அடி வர, நீங்கள் ஓர் அடி விலகினால், உங்களை நகர்த்தலாம் என்று தெரிந்துகொண்டது. அடுத்த முறை தோளால் தள்ளும்.

உங்களைச் சுற்றி கை நீட்டினால் எட்டும் தூரம் வரை உங்கள் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வந்தால் உங்கள் கால் நகரக்கூடாது. கயிற்றைப் பக்கவாட்டில் அசையுங்கள், மெதுவாகத் தொடங்கி. பதில் வராவிட்டால் கொஞ்சம் பலமாக. குதிரை பின்காலில் எடையைச் சாய்த்த மாத்திரத்தில் கயிறு அசைவதை நிறுத்திவிடுங்கள். முழுதாகப் பின்னால் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் நீங்களே போய்ச் சொறிந்துவிடுங்கள். கிட்ட வருவது தப்பில்லை. யார் கூப்பிட்டு வருவது என்பதுதான் விஷயம்.

கடிக்கிற பழக்கத்துக்கு வெல்லமும் கேரட்டும் கையிலிருந்து ஊட்டியதுதான் பெரும்பாலும் காரணம். ஊட்டுவதை நிறுத்தி, கொடுப்பதைத் தொட்டியில் போடுங்கள். மூக்கில் அடிப்பது வேண்டவே வேண்டாம். அடித்தால் கடித்துவிட்டு வேகமாகத் தலையை இழுத்துக்கொள்ளப் பழகும், கூடவே கையைக் கண்டால் மிரளவும் பழகும்.

கயிற்றை இழுத்தால் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது

மூன்று பேர் முன்னால் நின்று இழுப்பார்கள், ஒருவர் பின்னால் நின்று கம்பால் தட்டுவார். குதிரை கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கையும் வலிக்கும், கோபமும் வரும், யாராவது ஒருவர் கயிற்றை விட்டுவிடுவார். நட்டு நின்றால் விட்டுவிடுவார்கள் என்று அது பாடம் படித்துக்கொள்ளும்.

ஹால்டரின் பின்பட்டை குதிரையின் உச்சந்தலைக்குப் பின்னால் அழுத்தும்போது, அந்த அழுத்தத்துக்கு எதிராகச் சாய்வதுதான் அதன் இயல்பு. சாய்ந்தால் வலிக்கும், தளர்ந்தால் போகும் என்பதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பலம் தேவையில்லை.

அதன் எதிரே நிற்காமல், தோளுக்குப் பக்கத்தில், அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். கயிற்றை நேராக முன்னே இழுப்பதை விட்டு, முன்னும் பக்கவாட்டுமாக, கன்னத்தைத் திருப்புவது போல எடுங்கள். விரல்கள் மூடும் அளவுக்கு மட்டும் இறுக்கம். அதற்கு மேல் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே பிடித்திருங்கள். இந்த இடத்தில் பொறுமை இல்லாதவர்கள்தான் கெடுத்துவிடுகிறார்கள். ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் குனிந்து முன்னங்காலைப் பாருங்கள். ஒரு பக்கத் தோள் லேசாக முன்னே வழுக்கும். எதிர்ப் பக்கக் குளம்பின் நுனி மண்ணை அழுத்துவது குறையும். முழங்கால் துளி தளரும். கால் இன்னும் கிளம்பவில்லை, ஆனால் கிளம்ப யோசித்துவிட்டது. அப்போதே விரலைத் திறந்துவிடுங்கள். கயிறு தொங்கட்டும். பத்து நொடி சும்மா நில்லுங்கள். நாக்கால் உதட்டை நக்கலாம், மெல்லலாம், பெருமூச்சு விடலாம். நக்குவதை மட்டும் வைத்து ஒத்துக்கொண்டது என்று முடிவுகட்டாதீர்கள். இறுக்கம் தணிகிறது என்ற அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

மறுபடி அதே இறுக்கம், அதே காத்திருப்பு. எடை மாறினால் விட்டீர்கள். இப்போது குளம்பு எழுந்தால் விடுங்கள். அப்புறம் ஓர் அடி வைத்தால் விடுங்கள். இடது பக்கம் கற்றதை வலது பக்கம் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும். குதிரைகளை இடது பக்கமிருந்தே கையாளும் வழக்கம் இருப்பதால் வலது பக்கம் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும்.

இவ்வளவு செய்தும் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறதென்றால் அங்கே எதையோ பார்க்கிறது. பார்க்கவிடுங்கள். வழியில் மட்டும் அல்ல, எங்கேயும் நடக்க மறுக்கிறதென்றால் குளம்புக்குத் திரும்பிப் போங்கள்.

முந்திக்கொண்டு இழுத்துப் போகிறது

தொடர்ந்து இழுத்துப் பிடித்தபடி நடப்பதை விடுங்கள். நிரந்தரமாக இறுகி இருக்கும் கயிற்றில் எந்தச் செய்தியும் இல்லை. தொங்கவிட்டு நடங்கள். அதன் கழுத்து உங்கள் தோளைத் தாண்டியதும் நின்று, அதைப் பின்னால் நகர்த்தி, கயிறு தொங்கியதும் மறுபடி நடங்கள். லாயத்துக்குத் திரும்பும் வழியில் மட்டும் இழுத்தால், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, சில முறை அப்படிச் செய்தபின் உள்ளே விடுங்கள்.

கட்டிப்போட்டால் பின்னால் இழுத்து அறுக்கிறது

இதில் ஆளும் சாகலாம், குதிரையும் சாகலாம். கழுத்தெலும்பு பிசகிப்போகும். தடித்த கயிறு போட்டு அறுபடாதபடி கட்டிவைத்தால் தானாக அடங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மேலே சொன்ன அழுத்தத்துக்குத் தளரும் பாடம் முதலில் முடியட்டும். பிறகு கயிற்றைக் கட்டாமல், கம்பத்தில் ஒரு சுற்று மட்டும் போட்டு நுனியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அது பின்னால் போனால் கயிறு உரசியபடி வழுக்கிக்கொண்டு போகும். சட்டென்று முட்டும் இடம் இல்லாததால் பீதி வராது. நின்றதும் நிதானமாக முன்னே கொண்டுவாருங்கள். கட்டும் நாள் வரும்போது பிடரி மேட்டின் உயரத்துக்குக் குறையாமல், நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே மெல்லிய சணல் ஒன்று இருக்கட்டும், ஆபத்தில் அது அறுந்துவிடும்.

தலையைத் தொட விடுவதில்லை

காது உண்ணி, பல், பழைய முள் கடிவாளம் இவற்றைப் பார்த்தாகிவிட்டதா? பார்க்காமல் இதைத் தொடங்காதீர்கள். காதைப் பிடித்து முறுக்கி ஊசி போட்ட குதிரைகளும், மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிக் கட்டி நிறுத்தப்பட்ட குதிரைகளும் உண்டு. அவை கையைக் கண்டு பயப்பட நியாயமான காரணம் இருக்கிறது.

அது சந்தோஷமாக ஏற்கிற இடத்தில் கையை வையுங்கள், பிடரி மேடு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து புறங்கையால் தடவியபடி கழுத்தில் மேலே போங்கள். எங்கோ ஓர் இடத்தில் தோலுக்கடியில் தசை கல்லாகும். கண்ணுக்கு மேலே ஒரு சுருக்கம் விழும், மூச்சு நிற்கும். அதுதான் எல்லை. எல்லையைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் முன்னாலேயே, அது சும்மா இருக்கும்போதே, கையை எடுத்துவிடுங்கள். போய்ப் போய் வாருங்கள். எல்லை தானாகக் காதை நோக்கி நகரும்.

தெரியாமல் எல்லையைத் தாண்டி, அது தலையைத் தூக்கிவிட்டால்? கையைப் பறிக்காதீர்கள். எட்டும் வரை கழுத்தோடு ஒட்டியபடி, அழுத்தாமல் வைத்திருங்கள். தலை ஒரு விரற்கடை இறங்கினாலும் அப்போது எடுங்கள். கூடவே தலையைத் தாழ்த்தவும் சொல்லிக்கொடுங்கள்: உச்சிக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தி, துளி இறங்கியதும் விடுவது. தலை தாழ்ந்த குதிரைக்கு ஹால்டர் போடுவது எளிது. காதுக்குப் போகும்போது முதலில் காதின் அடிப்பகுதியை மட்டும், வெளிப்பக்கமாக, உள்ளங்கையால் மூடி வழித்துவிடுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள்.

இரண்டு மூன்று நிமிடம் செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டு, திரும்பி வந்து செய்யுங்கள். ஒரே மூச்சில் முடித்துவிட நினைப்பது வேண்டாம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

முகத்தைச் சுளிக்காமல் செய்யுங்கள் என்றும் சொல்வேன். கோபமான மனித முகத்தின் படத்தைக் காட்டினாலே குதிரைகள் இடது கண்ணால் உற்றுப் பார்ப்பதும், இதயத்துடிப்பு சீக்கிரம் ஏறுவதும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

காலைத் தூக்க விடுவதில்லை

முதலில் நாலு காலிலும் சமமாக நிற்கிறதா பாருங்கள். எடை முழுக்க இருக்கும் காலைத் தூக்கச் சொன்னால் அதனால் எப்படி முடியும்? தோளில் லேசாகச் சாய்ந்து எடையை மாற்றிவிட்டுக் கேளுங்கள். உதைக்கிற குதிரை என்றால் கையைக் கிட்டக் கொண்டுபோகாமல், நீண்ட கம்பின் நுனியில் துணி கட்டி, தொடையிலிருந்து கீழ்வரை தடவுங்கள். கால் அசைந்தாலும் கம்பு விலகக்கூடாது. கால் அடங்கியதும் விலக வேண்டும். தூக்கிய காலை அது பறிப்பதற்கு முன் நீங்களே மெதுவாகத் தரையில் வையுங்கள். வயதான குதிரைக்கு மூட்டுவலி இருக்கும். உயரமாகத் தூக்காமல் தாழ்வாகவே பிடிக்கும்படி லாடம் அடிப்பவரிடம் சொல்லிவையுங்கள்.

வட்டமாகச் சுற்றவிடும்போது உள்ளே வருகிறது, அல்லது பின்பக்கத்தைக் காட்டுகிறது

லஞ்சிங் என்று சொல்லும் இந்த வட்டப் பயிற்சியில் நீங்கள் நிற்குமிடம்தான் ஸ்டியரிங், பிரேக் எல்லாம். விலாவுக்கு நேரே நின்றால் முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்துவிட்டால் நிற்கும் அல்லது உள்ளே திரும்பும். குதிரை ஓடாமல் உங்களையே பார்த்து நிற்கிறதென்றால் பெரும்பாலும் நீங்கள் அறியாமல் முன்னே நழுவிவிட்டீர்கள். உள்ளே சாய்ந்து வந்தால் சாட்டையின் நுனியைத் தோள் பக்கம் காட்டுங்கள், அடிக்க அல்ல. வெளியே இழுத்தால் வட்டத்தைச் சின்னதாக்கி நடையிலேயே செய்யுங்கள்.

பின்பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பி, காது மடக்கி, வாலைச் சுழற்றுகிறதென்றால் எச்சரிக்கை விடுகிறது. வேகத்தைக் கூட்டியதும் அழுத்தியதும் அதிகம். கயிற்றால் தலையை உங்கள் பக்கம் திருப்பி நிறுத்தி, எளிதான ஒன்றைக் கேட்டு, அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் மணிக்கணக்காகச் சுற்றவிடுவது மூட்டுகளுக்குக் கேடு. 15 நிமிடமே அதிகம், அதிலும் இரு பக்கமும் மாற்றி மாற்றி.

பிளாஸ்டிக் பை, குடை, மேளச்சத்தம் என்றால் மிரள்கிறது

மிரளும் பொருளை முகத்தருகே கொண்டுபோய்ப் பழக்குவது பலர் செய்யும் வேலை. அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். ஒருவர் அந்தக் குடையையோ பையையோ பிடித்துக்கொண்டு விலகி முன்னே நடக்கட்டும். நீங்களும் குதிரையும் பின்னால் போங்கள். தன்னைக் கண்டு விலகிப் போகும் பொருளைக் குதிரை துணிச்சலாகப் பின்தொடரும், கொஞ்ச நேரத்தில் மூக்கால் தொடப் பார்க்கும். சத்தத்துக்கும் அப்படித்தான்: தூரத்தில், மெதுவாக, தீனி தின்னும் அளவுக்கு அமைதி இருக்கும் தூரத்தில் தொடங்கவேண்டும். தின்பதை நிறுத்திவிட்டால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள்.

தீபாவளியைப் பயிற்சி நாளாக ஆக்காதீர்கள். லாயத்தில் கூட்டாளிக் குதிரையோடு, நிறையப் புல் போட்டு விட்டுவிடுங்கள்.

லாரியில் ஏற மறுக்கிறது

வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். அதற்கு அது ஆழம் தெரியாத ஒரு குழி. காலை வேளையில், வண்டியின் முன்பக்கம் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். மண்மேட்டில் ஒட்டி நிறுத்தினால் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தரையில் மணலும் வைக்கோலும் போடுங்கள். காலுக்குக் கீழே டங்கென்று சத்தம் வருவதுதான் பல குதிரைகளைத் திருப்பி அனுப்புகிறது.

பாடம் அதேதான். ஒரு கால் வைத்தால் தளர்த்தி, நீங்களே பின்னால் இறக்கிக் கொண்டுவாருங்கள். ஏற்றுவதைவிட நிதானமாக இறங்கக் கற்றுக்கொடுப்பது முக்கியம். இறங்கத் தெரிந்த குதிரை உள்ளே போகத் தயங்காது. பயணம் இல்லாத நாட்களில் இதைச் செய்யவேண்டும். கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது இதைக் கற்றுத்தர முடியாது.

எல்லாம் கேட்கிறது, ஆனால் உயிர்ப்பே இல்லை

இதைக் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நில் என்றால் நிற்கும், போ என்றால் போகும். காது எந்தப் பக்கமும் திரும்பாது, கண் எங்கோ நிலைத்திருக்கும், சொறிந்தாலும் உதடு அசையாது. திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஆடவைத்துப் பழக்கிய குதிரைகளில் இப்படிப் பார்க்கலாம். என்ன செய்தாலும் அழுத்தம் நிற்காது என்று கண்டு, பதில் தேடுவதையே விட்டுவிட்டது அது.

இதற்குப் பயிற்சியைக் கூட்டக்கூடாது, குறைக்கவேண்டும். மேயவிடுங்கள், இன்னொரு குதிரையோடு சேர்த்துவிடுங்கள், பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். சில வாரத்தில் அது முரண்டு பிடிக்கத் தொடங்கலாம், வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பலாம். பயந்து அடக்கிவிடாதீர்கள். அந்த மறுப்பை மதித்து விலகுங்கள், பிறகு சின்னதாக ஒன்றைக் கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடாதவை

முன்னங்காலால் ஆளை நோக்கி அடிப்பது, ஆள் மேல் எழும்பி நிற்பது, காதை ஒட்ட மடக்கி வாயைத் திறந்தபடி துரத்தி வருவது. இவற்றில் ஏதாவது இருந்தால் தனியாக உள்ளே போகாதீர்கள். காயடிக்காத ஆண் குதிரையை முதல் குதிரையாக வாங்கியவர்களும் அப்படித்தான். அதன் கடி விளையாட்டல்ல. மருத்துவப் பரிசோதனை முடித்து, இப்படிப்பட்ட குதிரைகளோடு அடிக்காமல் வேலை செய்கிற ஒருவரைத் தேடுங்கள். சேர்வதற்கு முன் அவர் தன் சொந்தக் குதிரைக்கு ஹால்டர் போடுவதை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். குதிரை தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைக்கிறதா, தூக்கிக்கொண்டு பின்வாங்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.